இழுவை இல்லாத இரண்டு விநாடி

லோயர் கேம்ப்பில் நின்று மலையை அண்ணாந்து பார்த்தால், சரிவில் நான்கு இரும்புக் குழாய்கள் நேராக இறங்குவது தெரியும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் அவற்றின் வழியே பாய்ந்து வந்து, அடிவாரத்து மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போகிறது. இறங்குகிற தண்ணீருக்கு வளைவு நெளிவு தேவையில்லை. ஏறுகிற லாரிக்குத்தான் தேவை. இங்கிருந்து குமுளிக்குச் சாலை ஆறேழு கிலோமீட்டர்தான். அதற்குள் 400 மீட்டருக்கு மேல் உயர்ந்தாக வேண்டும். கம்பத்துத் திராட்சை, சின்னமனூர் வாழைக்காய், வைக்கோல், செங்கல், சிமெண்ட் என்று கேரளத்துக்குப் போகும் சரக்கு இந்த வழியாக மலையேறுகிறது.

அன்று விடியற்காலையில் நான் தொற்றிக்கொண்டது ஒரு பத்துச் சக்கர லாரி. சிமெண்ட் லோடு. வண்டியும் லோடும் சேர்த்து 28 டன். 2018இல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பைக் கூட்டியபின் மூன்று அச்சு லாரிக்கு 28.5 டன் வரை அனுமதி. அதற்கு முன் 25. ஓட்டுநர் உத்தமபாளையத்துக்காரர். முப்பது வருடமாக இதே மலையில் ஏறி இறங்குகிறவர். கிளீனர் பையன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில் ஒரு முக்கோண மரக்கட்டை.

ஏற்றம் தொடங்கியதும் டிரைவர் இரண்டு கியர் கீழே தட்டினார். வண்டி மெல்ல வேகம் பிடித்தது. மணிக்கு 18 கிலோமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 1,900 சுற்றில் அலறிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை இன்னும் மிதிக்க இடமிருந்தது. கார் ஓட்டிப் பழகிய என் இடது கை என்னை அறியாமல் துறுதுறுத்தது.

"அடுத்த கியர் போடலாமில்ல அண்ணே?"

"போடலாம் சார். போட்டா நின்னுரும்."

இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வரிக்கு விளக்கம்தான். கியர் மாற்றும் வேலையைக் கையிடமிருந்து வாங்கி மின்னணுப் பெட்டியிடம் கொடுத்தவர்கள், மாற்றக் கற்றுக்கொடுப்பதைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். எப்போது மாற்றக் கூடாது என்று கற்றுக்கொடுப்பதில்தான் வருடங்கள் ஓடின.

போட்டால் ஏன் நிற்கும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நூறு மீட்டர் போனால் ஆறு மீட்டர் உயரும் சாலை என்று வைத்துக்கொள்வோம். அதில் 28 டன் லாரியைப் புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை 28 டன்னில் ஆறு விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 1.7 டன். டயர் உருள்வதில் ஏற்படும் தடையையும் சேர்த்தால் 1.9 டன். ஒரு பெரிய கார் அளவு எடையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் தொங்கவிட்டு, மறுமுனையை லாரியின் பின்பக்கத்தில் முடிந்துவிட்டது போல. எஞ்சின் இழுக்கிறவரை அந்தக் கார் மேலே வரும். எஞ்சின் கையை எடுத்த நொடியிலேயே கார் கிணற்றுக்குள் இறங்கத் தொடங்கும்.

கியர் மாற்றும்போது எஞ்சின் கையை எடுத்துத்தான் ஆக வேண்டும். கிளட்ச்சை மிதித்து, இருக்கும் கியரைக் கழற்றி, நியூட்ரலைத் தாண்டி, அடுத்ததைச் செருகி, கிளட்ச்சை விடும்வரை சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பில்லை. கைதேர்ந்த டிரைவருக்கே இதற்கு இரண்டு விநாடி ஆகலாம்.

சமதளத்தில் இந்த இரண்டு விநாடி ஒரு பொருட்டே இல்லை; வண்டி தன் வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும். நாம் எடுத்துக்கொண்ட ஏற்றத்திலோ, இழுவை நின்றதும் வண்டி ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 2.4 கிலோமீட்டர் வீதம் வேகம் இழக்கிறது. இரண்டு விநாடியில் 18 கிலோமீட்டர் 13 ஆகிவிடும். கால்வாசிக்கு மேல் போய்விட்டது.

இப்போது எஞ்சின் சுற்றைப் பாருங்கள். லாரி கியர்பாக்ஸ்களில் பக்கத்துப் பக்கத்துக் கியர்களின் விகிதம் ஏறக்குறைய 1.35 மடங்கு வித்தியாசப்படுவது சகஜம். 18 கிலோமீட்டர் வேகத்தில் கீழ்க் கியரில் 1,900 சுற்று என்றால், மேல் கியரில் அதே வேகத்துக்கு 1,400. நல்ல சுற்றுதான். பெரும்பாலான லாரி டீசல் எஞ்சின்கள் அங்கே நன்றாகவே இழுக்கும். ஆனால் கியர் விழுந்து கிளட்ச் பிடிக்கும் நேரத்தில் வண்டி 18இல் இல்லை, 13இல் இருக்கிறது. அந்த வேகத்துக்கு மேல் கியரில் கிடைக்கும் சுற்று சுமார் 1,020. எஞ்சின் முக்கித் திணறும். சரிவு கொஞ்சம் கூடினாலும் மறுபடி கீழ்க் கியர் போட வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு விநாடி, இன்னும் ஐந்து கிலோமீட்டர் நஷ்டம். வண்டி கிட்டத்தட்ட நின்றே போகும். நின்ற 28 டன்னை ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது வேறு பெரிய பாடு.

நான் பார்த்தது மீட்டரில் இருந்த எண்ணை. டிரைவர் பார்த்தது இரண்டு விநாடி கழித்து வரப்போகும் எண்ணை.

காதால் ஓட்டிய காலம்

இந்த இரண்டு விநாடிக்குள் இன்னொரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றுகின்றன. கியர் போடுவது என்பது ஒரு பல்வளையத்தை நகர்த்தி, வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவது. வளையமும் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் சத்தமில்லாமல் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால், சுற்றுகிற ராட்டினத்தில் ஓடிப்போய் ஏறப் பார்க்கிறவனுக்கு ஆகும் கதிதான். 'கறகற'வென்று பல்லைக் கடிக்கும்.

கார்களில் இதைச் சரிசெய்ய 1928இல் காடிலாக் நிறுவனம் சிங்க்ரோமெஷ் என்ற உராய்வுக் கூம்பைக் கொண்டுவந்தது. பூட்டுவதற்கு முன் இரண்டு வேகத்தையும் உரசிச் சமன்செய்யும் ஏற்பாடு. லாரிகளுக்கு அது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அதுவரை சமன்செய்யும் வேலை டிரைவருடையது. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, கீழ்க் கியர் என்றால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுற்றை ஏற்றி, மறுபடி கிளட்ச்சை மிதித்துக் கியரைச் செருக வேண்டும். 'டபுள் கிளட்ச்' என்று பழைய டிரைவர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். எத்தனை சுற்றுக்கு ஏற்ற வேண்டும் என்று சொல்ல மீட்டர் கிடையாது. காதுதான் மீட்டர். எஞ்சின் எந்தச் சுருதிக்கு வந்தால் எந்தக் கியர் விழும் என்று, தவில்காரர் வலந்தலையைத் தட்டிப் பார்ப்பது போல அவர்கள் பழகியிருந்தார்கள்.

இப்போது மலையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் இருக்கும் அந்த நேரத்தில் வண்டியின் வேகம் விழுந்துகொண்டே இருப்பதால், எட்ட வேண்டிய சுற்றும் விழுந்துகொண்டே இருக்கிறது. நின்ற இலக்கில் எறிவது சுலபம். ஓடுகிற முயலின் மீது எறிய முயல் எங்கே போய்ச் சேரும் என்று தெரிய வேண்டும். மலை டிரைவரின் வித்தை அதுதான். அவர் வண்டியின் இன்றைய லோடை, இந்த இடத்துச் சரிவை, தன் கையின் வேகத்தைச் சேர்த்து ஒரு முன்கணிப்புச் செய்கிறார். அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

பெட்டி எப்படி மாற்றுகிறது

தானாகக் கியர் மாற்றுவதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் நிறைந்த டார்க் கன்வெர்ட்டரை வைத்து, கோள்முறைப் பல்சக்கரத் தொகுதிகளை எண்ணெய் அழுத்தத்தால் பூட்டித் திறப்பது. அமெரிக்காவின் ஆலிசன் நிறுவனம் இதில் பேர்போனது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. இழுவை அறுவதில்லை. ஆனால் விலை அதிகம், கன்வெர்ட்டர் நழுவும்போதெல்லாம் டீசலில் ஒரு பங்கு எண்ணெயைச் சூடாக்குவதில் போகும்.

இன்னொன்று, வழக்கமான கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, டிரைவரின் கையையும் இடது காலையும் மட்டும் இயந்திரமாக்குவது. ஏ.எம்.டி. என்பது இதுதான். நெடுஞ்சாலை லாரிகளில் வென்றது இந்த மரபு. 1980களில் ஐரோப்பிய நிறுவனங்கள் பாதி வழிக்கு வந்தன: ஸ்கானியாவின் ஏற்பாட்டில் கணினி கியரைப் பரிந்துரைக்கும், டிரைவர் கிளட்ச்சை மிதித்தால் மாற்றும். கிளட்ச் பெடலே இல்லாத ஜெர்மனியின் இசட்.எஃப். 'ஏ.எஸ். டிரானிக்' 1990களின் பிற்பகுதியிலும், வோல்வோவின் 'ஐ-ஷிஃப்ட்' 2001லும் வந்தன. இன்று ஐரோப்பாவில் விற்கும் பெரிய லாரிகளில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் பெடல் இல்லை.

கைக்குப் பதில் எது? காற்று. ஏர் பிரேக் உள்ள லாரியில் அழுத்தக் காற்று ஏற்கெனவே டேங்கில் தயாராக இருக்கிறது. அதையே சின்னச் சின்ன உருளைகளில் விட்டு, கிளட்ச்சைத் தள்ளவும் கியர் வளையத்தை நகர்த்தவும் செய்தார்கள். நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1962இல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன்தான் இந்திய லாரிகளுக்கு ஏர் பிரேக் செய்து கொடுத்த முக்கியமான நிறுவனம். அதன் பிரேக் பிரிவு பிறகு வாப்கோ இந்தியாவாகி, 2020இல் உலக அளவில் வாப்கோவை இசட்.எஃப். வாங்கியதும் அந்தக் குடும்பத்துக்குள் போனது. டாடா மோட்டார்ஸ் 2017இல் ஏ.எம்.டி. பேருந்துகளைக் கொண்டுவந்தபோது அதன் மாற்றும் அமைப்பு வாப்கோவினுடையது. பிரேக்குக்குக் காற்றை ஆளத் தெரிந்தவர்கள் கியருக்கும் ஆள்வதில் வியப்பில்லை.

மாற்றும் அந்தக் கணத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். கியர்பாக்ஸின் உள்ளே வரும் தண்டிலும் வெளியே போகும் தண்டிலும் வேக உணரிகள் இருக்கின்றன. கிளட்ச் எவ்வளவு நகர்ந்தது, வளையம் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேறு உணரிகள். எல்லாம் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வருகின்றன. மாற்றலாம் என்று பெட்டி முடிவெடுத்தால் முதலில் எஞ்சினிடம், 'இழுவையைக் குறை' என்கிறது. திடீரென்று விட்டால் வண்டி குலுங்கும் என்பதால் படிப்படியாக. பற்களின் மேல் விசை இல்லாத நொடியில் வளையத்தை வெளியே இழுக்கிறது. அடுத்து, 'இத்தனை சுற்றுக்கு வா' என்று எஞ்சினுக்கு உத்தரவு. கீழ்க் கியர் என்றால் டீசலைக் கொஞ்சம் கூட்டினால் போதும், சுற்று ஏறிவிடும். மேல் கியர் என்றால் சுற்று தானாக விழும்வரை காத்திருக்க நேரமில்லை. எக்ஸாஸ்ட் பிரேக்கையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தண்டு பிரேக்கையும் பிடித்து இறக்குகிறது. வேகங்கள் நெருங்கியதும் வளையம் உள்ளே போகிறது. கிளட்ச் பிடிக்கிறது. இழுவை திரும்புகிறது. டபுள் கிளட்ச்தான், காதுக்குப் பதில் எண்கள்.

இதில் கவனிக்க வேண்டியது 'எஞ்சினிடம் சொல்கிறது' என்ற சொற்கள். பழைய லாரியின் எஞ்சினிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. இயந்திர டீசல் பம்புக்குக் காது இல்லை. ஆக்சிலேட்டர் கம்பி இழுத்த அளவுக்குத்தான் அது ஊற்றும். 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற தகவல் கம்பி முறை வண்டிக்குள் இருக்கும் கணினிகளை ஒன்றோடொன்று பேச வைத்தது. லாரிகள் அதன் மேல் 'ஜே 1939' என்ற பொது மொழியைப் பேசுகின்றன. கியர் பெட்டி அந்த மொழியில் விநாடிக்கு நூறு முறைகூட எஞ்சினுக்குக் கட்டளை அனுப்பலாம். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி கட்டாயமானதும், புது லாரி எஞ்சின்கள் எல்லாம் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டன. புகையைக் குறைக்கப் போட்ட சட்டம், தானியங்கிக் கியருக்கும் கதவைத் திறந்துவிட்டது.

லோடைக் கேட்காமல் அறிவது

கையும் காலும் சரியாயிற்று. இனி மூளை.

ஆரம்பகாலப் பெட்டிகளுக்கு ஓர் அட்டவணைதான் மூளை: ஆக்சிலேட்டர் இவ்வளவு, சுற்று இவ்வளவு என்றால் மேல் கியர், இதற்குக் கீழே வந்தால் கீழ்க் கியர். சமதளத்தில் இது போதும். மலையில் வைத்துப் பாருங்கள். 1,900 சுற்று வந்தது, மேலே மாற்றியது. வேகம் விழுந்து 1,020 ஆனது, கீழே மாற்றியது. மறுபடி வேகம் பிடித்து 1,900, மறுபடி மேலே. ஊஞ்சலாடுவது போல இரண்டு கியருக்கு நடுவே வண்டி தவிக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு விநாடி இழுவை போகும், கிளட்ச் தேயும். நான் டிரைவரிடம் கேட்ட கேள்வியை அந்த அட்டவணை ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. 'போட்டா நின்னுரும்' என்று சொல்ல ஆளில்லை.

அதைச் சொல்லப் பெட்டிக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: வண்டியின் எடை, சாலையின் சரிவு. எடை நாளுக்கு நாள் மாறும். குமுளிக்கு 28 டன்னோடு ஏறும் வண்டி, திரும்பும்போது பத்து டன் காலி வண்டி. டிரைவரிடம் கேட்டு எண்ணைத் தட்டச் சொல்ல முடியாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. எந்த இரண்டு விநாடி நஷ்டம் என்று இவ்வளவு நேரம் புலம்பினோமோ, அந்த நஷ்டத்தையே தராசாக்கிவிட்டார்கள்.

கியர் கழன்ற நொடியில் எஞ்சின் இழுக்கவில்லை. அப்போது வண்டியைத் தடுப்பது பெரும்பாலும் சரிவு மட்டுமே. கனமான வண்டியோ காலி வண்டியோ, ஒரே சரிவில் ஏறக்குறைய ஒரே வீதத்தில்தான் வேகம் இழக்கும். ஆக, விநாடிக்கு எவ்வளவு வேகம் குறைகிறது என்று பார்த்தால் சரிவு தெரிந்துவிடும். அதற்கு ஒரு நொடி முன்னால் எஞ்சின் சக்கரத்தில் மூன்று டன் அளவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது என்பது எஞ்சின் கணினிக்குத் தெரியும். இழுவை இருந்தபோதும் நின்றபோதும் வேகம் மாறிய வீதங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தால் அந்த மூன்று டன்னைக் கணக்குப்படி வகுத்தால், எடை கிடைத்துவிடும். வித்தியாசம் சின்னதாக இருந்தால் கனமான வண்டி. பெரிதாக இருந்தால் காலி வண்டி. எடைமேடை ஏறாமலே எடை போட்டாயிற்று. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கணக்கு இன்னும் துல்லியமாகிறது. எடை தெரிந்துவிட்டால், சரிவைப் பிறகு கியர் மாற்றாமலே கணித்துக்கொண்டு போகலாம். பல வண்டிகளில் சாய்வை நேரடியாக அளக்கும் உணரியும் உண்டு.

இப்போது பெட்டி, மாற்றுவதற்கு முன் ஒரு கற்பனை ஓட்டம் ஓட்டிப் பார்க்கிறது. மாற்ற இத்தனை விநாடி, அதற்குள் வேகம் இவ்வளவு விழும், புதுக் கியரில் சுற்று இங்கே வந்து நிற்கும், அங்கே எஞ்சின் இழுவை சரிவை வெல்லுமா? வெல்லாது என்றால் மாற்றாதே. எஞ்சின் அலறினாலும் பரவாயில்லை. வெல்லும், ஆனால் அடுத்த கியருக்கு அல்ல, அதற்கடுத்ததற்கு நேராகத் தாவுவது மேல் என்றால் தாவு. இரண்டு முறை இழக்கும் இழுவையை ஒரு முறையோடு முடித்துக்கொள்ளலாம்.

நஷ்டத்தையே ஒழிக்கவும் வழி உண்டு. வோல்வோ 2014இல் கனரக லாரிக்கு இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. அடுத்த கியரை முன்கூட்டியே பூட்டி வைத்துவிட்டு, ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடிக்கும். ஓட்டப்பந்தயத்தில் கோலைக் கைமாற்றுவது போல. ஆனால் கூடுதல் எடையும் விலையும் எல்லா லாரிக்கும் கட்டுப்படியாகாது.

இறங்கும்போது

'எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு.' பழைய டிரைவர் புது டிரைவருக்குச் சொல்லும் முதல் பாடம் இது. இதன் பின்னால் உள்ள எண் பயமுறுத்தும். 28 டன் லாரி 400 மீட்டர் இறங்கும்போது விடும் ஆற்றல் சுமார் 30 யூனிட் மின்சாரம். ஏறக்குறைய 375 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவையும் பிரேக் லைனிங்கே வாங்கிக்கொண்டால் டிரம் சூடேறி, பிடிமானம் மங்கி, கருகிய வாடை கிளம்பும். எஞ்சினைச் சக்கரத்தோடு பூட்டி வைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கால் அதன் மூச்சை அடைத்தால், பெரும்பகுதி வெப்பம் எஞ்சின் வழியாக ரேடியேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் போய்விடும். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பிடிக்கும். அதனால்தான் கீழ்க் கியர்.

ஆனால் இறக்கத்தில் கியரை மாற்றும் இரண்டு விநாடி, ஏற்றத்தில் இருப்பதைவிடப் பொல்லாதது. நியூட்ரலில் வண்டி அந்த நேரத்தில் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூட்டிவிடும். கியர் விழ வேண்டிய சுற்று மேலே மேலே ஓடும். முதல் முயற்சி தவறினால், இரண்டாவது முயற்சிக்கு எஞ்சின் எட்டவே முடியாத சுற்று தேவைப்படும். அப்புறம் கியர் விழாது. கியர் இல்லாத 28 டன், வளைவு, பிரேக் மட்டும். மலைச்சாலை விபத்துகளில் ஒரு வகை இப்படித்தான் பிறக்கிறது.

ஆகவே இறக்கத்தில் பெட்டிக்குத் தரும் விதி கடுமையானது. கீழ்க் கியரில் எஞ்சின் சுற்று எல்லை மீறும் என்றால் டிரைவர் கேட்டாலும் மறுத்துவிடு. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டதுமே, வேகம் இன்னும் குறைவாக இருக்கும்போதே கீழ்க் கியருக்குப் போ. டீசல் மிச்சம் பிடிக்கச் சமதளத்தில் அவ்வப்போது நியூட்ரலுக்குப் போகும் பழக்கத்தைச் செங்குத்துச் சரிவில் மறந்துவிடு.

நின்று கிளம்புவதற்கும் ஒரு விதி உண்டு. ஆறு விழுக்காடு ஏற்றத்தில் பிரேக்கை விட்ட கால் ஆக்சிலேட்டருக்குப் போய் கிளட்ச் பிடிப்பதற்குள் ஒரு விநாடி ஆனால் வண்டி கால் மீட்டர் பின்னால் உருளும். இரண்டு விநாடி ஆனால் ஒரு மீட்டர். இருபத்தெட்டு டன்னின் ஒரு மீட்டர், பின்னால் நிற்கும் ஆட்டோவுக்கு அதிகம். கிளீனர் காலடியில் இருந்த முக்கோணக் கட்டை அதற்குத்தான். வண்டி நின்றதும் குதித்தோடிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கிளம்பியதும் எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஏற வேண்டும். புது வண்டிகளில் கிளட்ச் பிடித்து இழுவை வரும்வரை பிரேக் காற்றை ஒரு வால்வு பிடித்து வைத்திருக்கிறது.

கண் இல்லாத டிரைவர்

சில மாதம் கழித்து மறுபடி அதே மலை, அதே மனிதர். இந்த முறை அவர் ஓட்டவில்லை. அவருடைய தங்கை மகன் ஓட்டும் ஏ.எம்.டி. லாரியில் நானும் அவரும் பக்கத்தில், கதவோரம் கிளீனர் பையன். கிளட்ச் பெடல் இல்லை. கியர் தண்டும் இல்லை. ஒரு குமிழ் மட்டும். மாமன் ஏறி உட்கார்ந்ததும் இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ஏற்றம் தொடங்கியது. பெட்டி தானே இரண்டு கியர் கீழே போனது. 1,900 சுற்று. எஞ்சின் அலறியது. மாற்றவில்லை. மாமன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பழைய கேள்வி இருவருக்கும் நினைவிருந்தது.

கொண்டை ஊசி வளைவில்தான் விஷயம் வெளிப்பட்டது. வளைவுக்குள் நுழையும்போது மருமகன் வழக்கப்படி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். கால் எடுத்தால், 'இழுவை வேண்டாம் போலிருக்கிறது' என்று பெட்டிக்குத் தோன்றும். மேல் கியருக்குத் தாவியது. வளைவின் உள்விளிம்பில் சரிவு கூடியது. வண்டி ஒரு கணம் துவண்டு, மறுபடி கீழ்க் கியர் பிடித்து ஏறியது.

"வளைவுல கால எடுக்காத மாப்ள. லேசா வச்சிரு" என்றார் மாமன்.

"மேனுவல்ல போட்டுக்கிறேன் மாமா." குமிழைத் திருகினான். அடுத்த வளைவில் கியர் அப்படியே நின்றது.

பெட்டிக்கு எடை தெரியும், காலடியில் இருக்கும் சரிவு தெரியும். இருபது மீட்டருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தொடு உணர்வு உண்டு, கண் கிடையாது. கண் கொடுக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்து, வளைவில் இருக்கும்வரை மேல் கியரைத் தடுப்பது ஒரு வழி. 2010களின் தொடக்கத்தில் ஸ்கானியா, மெர்சிடஸ், வோல்வோ மூன்றும் அடுத்தடுத்து, ஜி.பி.எஸ்ஸையும் சாலையின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, வரப்போகும் மேட்டுக்கு முன்பே வேகத்தையோ கியரையோ தீர்மானிக்கும் அமைப்புகளைக் கொண்டுவந்தன. அவை பெரும்பாலும் நெடுஞ்சாலையின் நீண்ட மேடுகளுக்கானவை. குமுளிச் சாலையையோ, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையையோ அங்குலம் அங்குலமாக வரைந்து பெட்டிக்குள் வைக்கலாம். அதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

ஆனால் வரைபடத்தில் இருப்பது சாலை மட்டும்தான். குமுளியை நெருங்கும் ஒரு திருப்பத்துக்கு முன்னால் மாமன் கண்ணாடி வழியாகத் தலையைச் சாய்த்து மேலே பார்த்தார். மரங்களுக்கு நடுவே, இரண்டு அடுக்கு மேலே, ஒரு விளக்கு வெளிச்சம் அசைந்தது.

"பஸ்ஸு இறங்குது. வளைவுக்குள்ள போவாத. இங்கிட்டே ஒதுக்கி நில்லு."

ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. நின்றால் திரும்பக் கிளம்பும் கஷ்டம் ஏறுகிறவனுக்குத்தான். என்றாலும் அந்த வளைவில் இரண்டு பெரிய வண்டிக்கு இடமில்லை. மருமகன் ஒதுக்கி நிறுத்தினான். பேருந்து வளைவை முழுதாக எடுத்துக்கொண்டு இறங்கி, ஒரு கை அசைப்போடு எங்களைத் தாண்டிப் போனது. எந்தக் கியரில் ஏறலாம் என்பதற்குப் பெட்டியிடம் கணக்கு இருந்தது. ஏறவே வேண்டாம் என்பது அந்த வெளிச்சத்தில் இருந்தது.

மருமகன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். எங்கோ ஒரு வால்வு காற்றைப் பிடித்துக்கொண்டது. வண்டி அசையவில்லை. பிறகு கிளட்ச் மெல்லப் பிடிக்க, ஓர் அங்குலமும் பின்னால் உருளாமல் முன்னே நகர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். கிளீனர் பையன் கதவைப் பாதி திறந்து, கையில் கட்டையோடு, குதிக்கத் தயாராக நின்றிருந்தான்.